கண் நீங்கலாக

மாதாகரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாட்டுக்கு அடிப்பதுபோல் அடித்த காலம் ஒன்று இருந்தது. இந்த வருடத் தை மாதத்தோடு அது ஒழிந்தது. இப்போது அங்கே மனிதருக்கு அடிப்பதுபோல் அடிக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் அதிபர் சிஸ்ரர் ஸ்ரெல்லா கிளிநொச்சிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்த ஒரு கருத்தரங்கு. திருச்சபையின் சமூகப் போதனையைப் பள்ளிக்கூட வாழ்க்கையில் வாழ்ந்து காட்டுவது எப்படி என்று, குளிரூட்டிய மண்டபத்தில் வைத்து, மத்தியானச் சாப்பாட்டோடு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மனித மாண்பு, பொது நன்மை, ஏழைகளுக்கு முன்னுரிமை, தோழமை, படைப்பைப் பேணல், துணைநிலை. எல்லாம் நல்ல சொற்கள். வாயில் வைத்தால் கரையக்கூடிய சொற்கள். சிஸ்ரர் அவற்றை நீலப் பதாகையில் அச்சடித்துக் கொண்டுவந்து வாசலில் கட்டினார். போதனையைச் சிறப்பாக வாழும் பள்ளிக்கூடத்துக்கு மறைமாவட்டக் குழு கேடயம் தரும் என்ற செய்தியையும் கூடவே கொண்டுவந்தார். அன்றிலிருந்து மாதாகரையில் ஒருவரும் சும்மா வாழவில்லை. எல்லோரும் வாழ்ந்து காட்டினார்கள்.

நிரோஜன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் அதே தை மாதம்தான். கணித ஆசிரியர், ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும்கூட. முள்ளியவளையில் வயல் செய்யும் சைவக் குடும்பத்துப் பிள்ளை. பளையில் படிப்பித்துக்கொண்டிருந்தவனை இந்தக் கடற்கரைக்கு மாற்றியிருந்தார்கள். அவனுக்குத் திருச்சபையும் தெரியாது, சமூகப் போதனையும் தெரியாது. இன்னொன்றும் அவனுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கு அடிப்பது. அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. சிலருக்குப் பாகற்காய் தொண்டைக்குள் இறங்காது, அவ்வளவுதான். அடிக்க நினைத்தால் அவன் கை எழும்பாது.

வந்த முதல் நாள் அதிபர் அறையில் இருந்தபோதுதான் செபமாலை என்பவரைக் கண்டான். கரைவலை இழுக்கிற மனிதர். தோள் இரண்டிலும் கயிறு தேய்த்த தழும்பு. மகள் ரூபினியை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டி வந்திருந்தார். சேர்த்து முடிந்ததும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்துத் தகப்பன்மார் எல்லோரும் சொல்வதைச் சொன்னார்.

“கண் ரெண்டையும் எங்களுக்கு விடுங்கோ சிஸ்ரர். மிச்சமெல்லாம் உங்கட.”

நிரோஜன் சிரித்துவிட்டான். அவனுடைய அப்பாவும் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இதையேதான் சொன்னார். சைவம், கிறிஸ்தவம் என்ற வித்தியாசம் இதில் இல்லை. கண்ணைத் தவிர எங்கே வேண்டுமானாலும் அடித்துப் படிப்பியுங்கள் என்பது சொல்லின் பொருள். ஆனால் அது ஒரு மரியாதைச் சொல். வீட்டுக்கு வந்தவரிடம் “உங்கட வீடு மாதிரி நினையுங்கோ” என்று சொல்வதில்லையா? அதற்காக யாரும் அலுமாரியைத் திறந்து உடுப்பை எடுத்துக்கொண்டு போவதில்லை.

சிஸ்ரர் ஸ்ரெல்லா அலுமாரியைத் திறந்தார்.

அடுத்த நாள் ஆசிரியர் கூட்டத்தில் அவர் இந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசினார். படிப்பறிவில்லாத மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருச்சபையின் சொத்துக் கொள்கையைத் தங்களை அறியாமலே சொல்லி வருகிறார்கள் என்று அவருக்குக் கருத்தரங்கில் இருந்தபோது புலப்பட்டதாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

“திருச்சபை தனிச்சொத்தை மதிக்குது. அதே நேரம், சொத்தெல்லாம் எல்லாருக்கும் பொது எண்டும் சொல்லுது. இப்ப பாருங்கோ. கண் ரெண்டும் குடும்பத்தின்ர தனிச்சொத்து. அதில நாங்கள் கை வைக்கப்படாது. மிச்ச உடம்பு பொது நன்மைக்கு.”

முதலில் வந்தது மனித மாண்பு. இனிமேல் ஒரு பிள்ளையையும் நிற்க வைத்து அடிக்கக் கூடாது. கதிரை போட்டு இருத்த வேண்டும். குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்க வேண்டும். ‘நீங்கள்’ என்று அழைக்க வேண்டும். எந்தக் கை என்று விருப்பம் கேட்க வேண்டும். அடி முடிந்ததும் பிள்ளை நன்றி சொன்னால், ‘நன்றி ஆண்டவருக்கு’ என்று ஆசிரியர் பணிவோடு பதில் சொல்ல வேண்டும்.

இதனால் மிகவும் கஷ்டப்பட்டவர் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான றெஜி மாஸ்ரர். கரப்பந்தாட்டம் ஆடி முறுகிய கை அவருக்கு. இருபது வருடமாக “நாயே, நீட்டு கையை” என்று சொல்லிப் பழகிய மனிதர், இப்போது “தம்பி, தயவுசெய்து உங்கட கையை நீட்டுங்கோ” என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் வியர்க்கும். வாயில் குறைந்ததைக் கையில் கூட்டிக்கொண்டார். முதல் கிழமையே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு உள்ளங்கை வெடித்து, கொடுத்த தண்ணீர்க் கிளாசில் இரத்தம் வடிந்தது. அவன் “நன்றி சேர்” என்றான். மாஸ்ரர் “ஆண்டவருக்கு” என்றார். சிஸ்ரர் அதைத் தன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார், கிளாஸ் தெரியாமல்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் அனுப்பிய சுற்றறிக்கையும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு அதிபர் அறைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அடி அதற்குக் கீழேதான் நடந்தது. அறையில் வெளிச்சமும் காற்றும் உள்ள இடம் அதுதான்.

நிரோஜன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

“சிஸ்ரர், இவ்வளவு மரியாதை குடுக்கிறம். அப்ப அடிக்காமலே விடலாம்தானே?”

ஆசிரியர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசை நடுவில் யாரோ உரக்க ஏப்பம் விட்டதுபோல் இருந்தது. சிஸ்ரருக்குக் கோபம் வரவில்லை. அவனைப் பார்த்து இரக்கப்பட்டார்.

“நீங்கள் சைவம், உங்களுக்கு இது புதுசு. அடிக்காமல் விடுறது புறக்கணிப்பு, நிரோஜன் சேர். உன்னை அடிக்கிற அளவுக்குக்கூட நான் மதிக்கேல்லை எண்டு ஒரு பிள்ளைக்குச் சொல்லலாமோ? அது எவ்வளவு பெரிய அவமானம்.”

அவன் வகுப்புக்குப் போனான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அடிக்காமல் இருந்துவிட்டால் போதும், தன் வகுப்புப் பிள்ளைகளுக்காவது கை தப்பும் என்று நினைத்தான். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவன் அங்கே காலம் தள்ளினான்.

மாசியில் ஏழைகளுக்கு முன்னுரிமை வந்தது. அடிவாங்க வரிசையில் நிற்கும்போது ஏழைப் பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள், பணக்காரப் பிள்ளைகள் இடித்துக்கொண்டு முன்னுக்கு வருகிறார்கள் என்று சிஸ்ரர் கண்டுபிடித்திருந்தார். உண்மையில் ஒருவரும் முன்னுக்கு வர இடித்ததில்லை. இருந்தாலும் அநீதி அநீதிதான். அரசாங்க உதவிப் பணம் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் முதலில் வர வேண்டும், தகப்பன் இல்லாத பிள்ளைகள் அவர்களுக்கும் முன்னுக்கு வர வேண்டும் என்று ஒழுங்கு செய்தார்கள். றெஜி மாஸ்ரரின் கை காலையில் புதிதாக இருக்கும். அந்தப் புதுக் கையின் பலன் முழுவதும் ஏழைகளுக்கே போய்ச் சேர்ந்தது. ஐஸ் தொழிற்சாலைக்காரரின் மகன் மத்தியானம் வரை காத்திருந்து, மாஸ்ரர் களைத்துப் போன பிறகு, நோவே இல்லாத இரண்டு அடியை வாங்கிக்கொண்டு போனான். தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தன் பிள்ளைக்கு மட்டும் ஆறின அடியோ என்று சண்டை பிடித்தார். சிஸ்ரர் அவரைக் கதிரையில் இருத்தி, கிறிஸ்தவர்கள் தியாகம் செய்யப் பழக வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அவர் மனம் மாறி, அதிபர் அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு படைப்பைப் பேணல். அடிக்குக் கம்பு முறித்து முறித்துப் பள்ளிக்கூடத்து வேலிப் பூவரசு மொட்டையாகிப் போயிருந்தது. மரமும் ஆண்டவரின் படைப்புத்தானே, அதை நோகப்பண்ணக் கூடாது என்று தீர்மானமாகியது. இனிமேல் உயிருள்ள மரத்தில் கம்பு முறிக்கக் கூடாது, தண்ணீர்க் குழாய் போட்டு மிஞ்சிய பிளாஸ்ரிக் பைப் துண்டுகளைப் பாவிக்க வேண்டும். ஏற்கனவே முறித்த கம்புகளுக்குப் பிராயச்சித்தமாக, அடி வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரக்கன்று நட வேண்டும். பங்குனி முடியும் முன்னே பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சிறு காடாகிவிட்டது. வீங்கிய கையால் தண்ணீர் வாளி தூக்க முடியாமல் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார்கள். வேப்பங்கன்று, மலைவேம்பு, நாவல் எல்லாம் துளிர்த்துச் செழித்து நின்றன. கல்வி வலயத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அந்தக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இயற்கை மீது இவ்வளவு பற்று எப்படி வந்தது என்று வியந்து பேசினார்.

பைப் அடி பூவரசங்கம்பு அடி மாதிரி இல்லை. கம்பு தோலைத் தடிக்கப் பண்ணும். பைப் கிழித்துவிடும். ஒரு நுனி வெடித்து, பல் பல்லாக நிற்கும். அதை ஒருவரும் மாற்றவில்லை. பிளாஸ்ரிக்கை எறிவது சூழலுக்குக் கேடு.

இவ்வளவையும் நிரோஜன் தன் வகுப்பு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போடுவார்கள். போடட்டும் என்று விட்டுவிடுவான். ரூபினி முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து கணக்குச் செய்வாள். கெட்டிக்காரி. விடை பிழைத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு, தகப்பன் வலைக் கயிற்றை இழுப்பதுபோல் பின்னுக்குச் சாய்ந்து அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஒருத்திக்குப் படிப்பித்தாலும் போதும் என்று சில நாட்களில் அவனுக்குத் தோன்றும்.

அப்போதுதான் துணைநிலை வந்தது.

கீழே உள்ளவர்களால் செய்யக்கூடிய வேலையை மேலே உள்ளவர்கள் பறித்துச் செய்யக் கூடாது என்பது போதனை. அருமையான போதனை. சிஸ்ரர் அதை ஆழமாகச் சிந்தித்து, பிள்ளைகளுக்கு அடிக்கும் வேலையை ஆசிரியர்கள் இவ்வளவு காலமும் பறித்து வைத்திருந்தது பெரிய பாவம் என்று முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு வாங்குக்கும் ஒரு தலைவரை நியமித்தார்கள். அந்த வாங்கில் யார் பிழை செய்தாலும் தலைவர்தான் அடிக்க வேண்டும். அவர் அடிக்கத் தவறினால் தோழமையின் பேரில் வாங்கு முழுவதுக்கும் றெஜி மாஸ்ரர் அடிப்பார். முன் வாங்குக்குத் தலைவி ரூபினி.

நிரோஜன் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் சளார் என்று சத்தம் கேட்டது. திரும்பினான். ரூபினி கையில் பைப். பக்கத்தில் இருந்த சுமித்திரா உள்ளங்கையைப் பாவாடைக்குள் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளை கொம்பாஸ் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தது. நிரோஜன் ஓடிப்போய்ப் பைப்பைப் பறித்தான். என்ன பிள்ளை இது, நான் உங்களுக்கு எப்பவாவது அடிச்சனானோ என்று கேட்டான்.

ரூபினி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

“நீங்கள் அடிக்கமாட்டியள் சேர். அதுதான் நாங்கள் அடிக்க வேண்டிக் கிடக்கு.”

அன்று முழுவதும் அவனால் சாப்பிட முடியவில்லை. தன் வகுப்புக்குள் அடி வராமல் பார்த்துக்கொண்டதாக நினைத்திருந்தான். அடி பிள்ளைகளின் கையாலேயே வந்துவிட்டது. அடுத்த நாள் ரூபினியைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினான். யாருக்கும் அடிக்காதே, மாஸ்ரர் கேட்டால் நான் பொறுப்பு என்றான். அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அன்றிலிருந்து முன் வாங்கில் பைப் சும்மா கிடந்தது. மாஸ்ரர் கேட்கும்போதெல்லாம், வாங்கில் ஒருவரும் பிழை செய்யவில்லை என்று ரூபினி முகம் மாறாமல் பொய் சொன்னாள். நிரோஜனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன்னைப் பார்த்து ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தான்.

வைகாசியில் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். மறைமாவட்டக் குழுவின் தலைவர் ஃபாதர் மெல்ரொன் வெள்ளை அங்கியோடும் நாகரிகமான சிரிப்போடும் வந்து இறங்கினார். மரக்காட்டைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தண்ணீர்க் கிளாசைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக்கொண்டே வந்தார். துணைநிலையைப் பார்க்க ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார். சிஸ்ரரும் றெஜி மாஸ்ரரும் பின்னால் வந்தார்கள்.

வந்த நேரம் பார்த்துச் சுமித்திரா மறுபடியும் கொம்பாஸ் பெட்டியை மறந்திருந்தாள். சிஸ்ரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரூபினியைப் பார்த்து, உங்கட கடமையைச் செய்யுங்கோ பிள்ளை என்றார்.

ரூபினி பைப்பை எடுத்தாள். சுமித்திராவைப் பார்த்தாள். நிரோஜனைப் பார்த்தாள். பிறகு பைப்பை மேசையில் வைத்துவிட்டாள்.

ஃபாதர் மெல்ரொன் அன்பாகக் குனிந்து, ஏன் பிள்ளை அடிக்கேல்லை என்று கேட்டார்.

“எங்கட சேர் அடிக்கிறேல்லை, ஃபாதர்.”

ஃபாதருக்குக் கோபம் வரவில்லை. அங்கே யாருக்குமே கோபம் வருவதில்லை. கீழ்ப்படி தன் கடமையைச் செய்யத் தவறினால் விடயம் அடுத்த படிக்குப் போகும், அதுதான் போதனையின் அழகு என்று அவர் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். அடுத்த படி வகுப்பாசிரியர். அடிக்காத குற்றத்துக்கு ரூபினிக்கு வகுப்பாசிரியர்தான் அடிக்க வேண்டும்.

எல்லோரும் நிரோஜனைப் பார்த்தார்கள். அவன் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் றெஜி மாஸ்ரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார். நிரோஜன் சேருக்குக் கஷ்டமெண்டால் நான் செய்யிறன் என்றார். அவருடைய கையை நிரோஜன் பார்த்தான். ஏழாம் வகுப்புப் பையனின் உள்ளங்கை அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கைக்கு ரூபினியைக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நான் அடித்தால் மெல்லமாக, சும்மா பட்டும் படாமலும் அடிக்கலாமே என்று நினைத்தான். நல்ல மனதோடுதான் நினைத்தான்.

அவளைக் கதிரையில் இருத்தினார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிரோஜன் பைப்பைக் கையில் எடுத்தான். தயவுசெய்து கையை நீட்டுங்கோ என்று சொல்ல அவனுக்கு வரவில்லை, ஃபாதரே அவனுக்காகச் சொன்னார். ரூபினி ஒரு மிடறு குடித்துவிட்டு வலது கையை நீட்டினாள். அவளைப் பார்த்துக்கொண்டு அடிக்க நிரோஜனால் முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பைப்பை ஓங்கினான்.

ரூபினியின் இடது கையில் இன்னும் கிளாஸ் இருந்தது. அதை நிலத்தில் வைப்பதற்காக அவள் குனிந்தாள். நின்றிருந்தால் முகம் எட்டியிருக்காது. தண்ணீர் கொடுக்காமல் விட்டிருந்தால் குனிந்திருக்க மாட்டாள். வெடித்த பைப் நுனி அவளுடைய இடது கண்ணுக்குள் போய் இறங்கியது.

நிரோஜன் முதலில் கிளாஸ் உடைந்த சத்தத்தைத்தான் கேட்டான். கண்ணைத் திறந்தான். ரூபினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கு இடையால் இரத்தமும் வேறு ஏதோவும் வடிந்தன. அவள் கத்தவில்லை. சுமித்திராதான் கத்தினாள். பிறகு வகுப்பு முழுவதும் கத்தியது. நிரோஜன் பைப்பைக் கீழே போடக்கூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். செபமாலை கடலில் இருந்து நனைந்த சாரத்தோடு வந்து சேர்ந்தார். சிங்களம் மட்டும் பேசுகிற பெரிய டொக்டர் வெளியே வந்து, நெடுநேரம் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். செபமாலைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சிஸ்ரருக்குச் சிங்களம் தெரியும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, செபமாலையின் பக்கம் திரும்பி, ஆண்டவர் கைவிடமாட்டாராம் என்று மொழிபெயர்த்தார்.

பளையில் கூடப் படிப்பித்த சிங்களப் பாட ஆசிரியரிடம் நிரோஜனும் கொஞ்சம் சிங்களம் பழகியிருந்தான். கண் போய்விட்டது, இனிப் பார்வை வராது என்றுதான் டொக்டர் சொன்னார். அவன் சிஸ்ரரைப் பார்த்தான். சிஸ்ரர் அவனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், இப்படியான செய்தியை மேலே உள்ளவர்கள் சொல்லக் கூடாது, பிள்ளை தானே தகப்பனுக்குச் சொல்லுவதுதான் முறை என்றார்.

நிரோஜன் சொல்லியிருக்கலாம். செபமாலை பக்கத்திலேயே நின்றார். அவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சேர் இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறியள், சாப்பிட்டியளோ என்று கேட்டார். பிள்ளை குனிஞ்சதாலதான் பட்டதாம், நீங்கள் மனதில வைச்சிருக்காதேங்கோ என்றார். நிரோஜன் தலையாட்டினான், டொக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் சொல்லவில்லை. அது கோழைத்தனம் என்று அவனுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். நிரோஜன் எழுந்து, நான் செய்தது குற்றம், எனக்குத் தண்டனை தாருங்கள், பொலிசில் கொடுங்கள் என்றான். விசாரணைக்கு வந்தவர்கள் நெகிழ்ந்து போனார்கள். இவ்வளவு தாழ்ச்சி உள்ளவரை எப்படித் தண்டிப்பது? அடித்துப் பழக்கமில்லாத ஆசிரியர்களால்தான் இப்படியான விபத்துகள் நடக்கின்றன என்று முடிவு எழுதினார்கள். அடிக்காத ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க றெஜி மாஸ்ரரை நியமித்தார்கள். நிரோஜனுக்கு முன்னால் ஒரு வைக்கோல் பொம்மையைக் கதிரையில் இருத்தினார்கள். அதற்கும் தண்ணீர் வைத்தார்கள்.

பிறகு ஒப்புரவு விழா என்று ஒன்று வந்தது. காயப்பட்ட பிள்ளை ஆசிரியரை மேடையில் மன்னிக்க வேண்டும். ஃபாதர் மெல்ரொன் மறுபடியும் வந்தார். கேடயத்துக்கான புள்ளிகளில் இரண்டு பகுதிகள்தான் மிச்சமிருந்தன. ஒன்று ஒப்புரவு, மற்றது பெற்றோர் பங்கேற்பு. பெற்றோரைக் கூப்பிட்டு முன் வரிசைகளில் இருத்தினார்கள். செபமாலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தார். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ரூபினியின் கண் கட்டை அன்று காலையில் சிஸ்ரரே அவிழ்த்துவிட்டிருந்தார். பேச்சுக்கள் முடிகிற இடங்களில் கை தட்டுவதற்குப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே பழக்கியிருந்தார்கள்.

ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

“நாங்கள் எத்தினையோ பள்ளிக்கூடங்களுக்குப் போனனாங்கள். எல்லா இடத்திலயும் ஒப்புரவு எண்ட பகுதியை வெறுமையா விட்டிருக்கினம். கேட்டால், எங்களிட்டக் காயம் இல்லை எண்டினம். காயம் இல்லாமல் ஒப்புரவு எங்கயிருந்து வரும்? மாதாகரைக்கு அந்த வரம் கிடைச்சிருக்கு. இந்தப் பிள்ளைக்கு நாங்கள் எல்லாரும் நன்றி சொல்ல வேணும்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். நிரோஜனை மேடைக்குக் கூப்பிட்டு ரூபினியின் இடது பக்கத்தில் நிறுத்தினார்கள். ரூபினி மைக்கை வாங்கினாள். சிஸ்ரர் பல நாட்களாகப் பழக்கிய வசனத்தை அப்படியே சொன்னாள். நான் எனது ஆசிரியரை மனதார மன்னிக்கிறேன். எல்லோரும் கை தட்டினார்கள். சிஸ்ரர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். ரூபினி கொடுக்கவில்லை.

“எனக்கு இந்தக் கண் தெரியேல்லை,” என்றாள். “கட்டுப் போட்டதால எண்டு நினைச்சனான். இண்டைக்குக் கட்டு அவிழ்த்தும் தெரியேல்லை.”

அவள் சொல்லி நிறுத்தினாள். நிறுத்தியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அதுதான் பழக்கியது. மண்டபம் முழுவதும் கைதட்டல். தட்டாமல் இருந்தவர் செபமாலை ஒருவர்தான். எழும்பினார். கதிரைகளை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார். ஒருவரும் தடுக்கவில்லை. தகப்பன் கட்டிப்பிடித்து மன்னிக்கப் போகிறார் என்று நினைத்துப் படம் எடுக்கிறவர் முன்னுக்கு வந்தார்.

செபமாலை நிரோஜனுக்கு முன்னால் போய் நின்றார்.

“சேர், உங்களுக்குத் தெரியுமோ இது?”

“ஓம்,” என்றான் நிரோஜன். “அண்டைக்கே தெரியும்.”

கை வந்தது தெரியவில்லை. கன்னத்தில் விழுந்த அடியில் பல்லொன்று உடைந்து நாக்கில் இரத்தம் நிறைந்தது. மண்டபம் சுற்றியது. நோவோடு கூடவே, எத்தனையோ நாட்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியதை நிரோஜன் உணர்ந்தான். இந்த ஒரு மனிதர்தான் அவன் கேட்டதைக் கொடுத்தார். அழுகை வந்தது. கையைத் தூக்கவில்லை, விலகவில்லை. இன்னும் அடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். செபமாலை மறுபடியும் ஓங்கினார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

மேடை ஓரத்தில் ஃபாதர் மெல்ரொன் சிஸ்ரரின் காதருகே குனிந்து, இதைப் பெற்றோர் பங்கேற்பில் சேர்க்கலாம் என்றார். சிஸ்ரர் தலையாட்டினார்.

அடி விழுந்தது ரூபினிக்குத் தெரியாத பக்கத்தில். யார் அடித்தது, யாருக்கு விழுந்தது, ஒன்றும் அவள் காணவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் மைக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் திரும்பி, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். செபமாலை ஓங்கிய கையோடு மகளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.